வானிலைப் பேச்சும் ஒப்பீடும்: ஆங்கில வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பலர் வானிலைக்கு ஒரு பாடம், ஒப்பீட்டுக்கு இன்னொரு பாடம் என்று பிரித்துவிடுகிறார்கள். ஒரு நாள் சன்னி, கிளவுடி, ரெய்னி என்று படம் காட்டுவது. அப்புறம் ஒரு நாள் டால், டாலர், ஷார்ட், ஷார்ட்டர் என்று பட்டியல் போடுவது. இந்தப் பிரிப்புதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஒப்பிட ஏதாவது கண்முன் இருந்தால்தான் ஒப்பீட்டுச் சொல் வாயில் வரும். வானிலையில் அதற்குப் பஞ்சமே இல்லை: நேற்று, இன்று, காலை, மதியம். அதை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி யார் உயரம், யார் குண்டு என்று கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இலக்கணம் மறந்துபோகும், அந்தப் பிள்ளைக்குப் பட்ட அவமானம் மறக்காது.

அடுத்தது, பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே திருத்துவது. "டுடே இஸ் மோர் ஹாட் தேன் எஸ்டர்டே" என்று சொல்லும் மாணவர் கவனக்குறைவாக இல்லை. தமிழில் "நேற்றைவிட இன்று வெயில் அதிகம்" என்கிறோம். ஒப்பிடும் வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது. பெயரடை உருமாறுவதே இல்லை. அந்தப் பழக்கத்தில் 'அதிகம்' இருக்கும் இடத்தில் 'மோர்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'ஹாட்டர்' கற்ற பிறகும் சில நாள் 'மோர் ஹாட்டர்' என்று இரண்டும் சேர்ந்தே வரும். "தப்பு, தப்பு" என்று நிறுத்திக்கொண்டே இருப்பதைவிட, தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதி, ஒப்பீடு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். சீக்கிரம் பிடிபடும்.

"ரெயின் இஸ் கமிங்" என்பதும் இதே கதைதான். தமிழில் மழைதான் எழுவாய், அது வரும், பெய்யும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் பொருளே இல்லாத ஓர் 'இட்' நிற்க வேண்டும்: "இட்ஸ் ரெய்னிங்", "இட்ஸ் கோல்ட்". இதை முதல் நாளே சொல்லாவிட்டால் "வெதர் இஸ் ரெய்னிங்" என்று பழகிவிடும்.

விதிகளை மொத்தமாகக் கொட்ட வேண்டாம். ஹாட், கோல்ட், வார்ம், கூல், வெட், டிரை, விண்டி, கிளவுடி, ஹியூமிட், குட், பேட். தொடக்கத்துக்கு இந்தப் பதினொன்று போதும். ஹாட், வெட் இரண்டும் ஒற்றை உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யில் முடிவதால் கடைசி 'டி' இரட்டிக்கும். கோல்டும் கூலும் இரட்டிக்காது. டிரை, விண்டி, கிளவுடியில் 'ஒய்' போய் 'ஐ' வரும். ஹியூமிட் 'மோர்' கேட்கும். குட், பேட் இரண்டும் பெட்டர், வொர்ஸ் என்று முழுசாக மாறிவிடும்.

பயிற்சிக்குக் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் பேச்சு வராது. இரண்டு ஊர்களைக் கொடுங்கள். ஜூலையில் கெய்ரோவின் பகல் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ், சிங்கப்பூரில் 31-ஐ ஒட்டி இருக்கும். ஆண்டு மழை சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கெய்ரோவில் 30-ஐக்கூடத் தொடாது. "கெய்ரோ இஸ் ஹாட்டர், பட் சிங்கப்பூர் இஸ் மோர் ஹியூமிட்" என்று இரண்டு வடிவமும் ஒரே மூச்சில் வந்துவிடும். எந்த ஊரில் இருப்பது சுகம் என்று கேட்டுப் பாருங்கள், வாதமே தொடங்கிவிடும். அந்த வாதத்தில் "வெரி ஹாட்டர்" கட்டாயம் எட்டிப்பார்க்கும். 'மச் ஹாட்டர்', 'எ பிட் ஹாட்டர்' சொல்லித்தர அதுதான் சரியான நேரம்.

"இன்னைக்கு கிளைமேட் சூப்பர்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிடும். ஒரு நாளைக்குரியது 'வெதர்'. 'கிளைமேட்' என்பது வழக்கமாக 30 ஆண்டு சராசரியை வைத்துச் சொல்வது. "வாட்ஸ் த வெதர் லைக்?" என்ற கேள்வியில் வரும் 'லைக்' பிடிப்பதைப் பற்றியது அல்ல என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "ஐ லைக் வெதர்" என்று பதில் வரும்.

கடைசியாக ஒன்று. எல்லா வாக்கியத்திலும் 'தேன்' இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பேச்சில் "இட்ஸ் கோல்டர் டுடே" என்றாலே நேற்றோடு ஒப்பிடுவது புரிந்துவிடும். "நாட் அஸ் கோல்ட் அஸ் எஸ்டர்டே" என்பதும் அதே அளவுக்குப் புழங்கும் வடிவம். பாடத்தில் அதற்கு இடம் கொடுங்கள். பதில் சொல்லவும் பழக்குங்கள். "இட்ஸ் கோல்டர் டுடே, இஸின்ட் இட்?" என்று கேட்பவர் எத்தனை டிகிரி என்று கேட்கவில்லை, பேச்சைத் தொடங்குகிறார். "யெஸ், மச் கோல்டர்" என்று ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொன்னால் உரையாடல் அங்கிருந்து தானாக நகரும்.