மழைக்கும் மார்கழிக்கும் நடுவே ஓட்டக் குழுவை நடத்துவது

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அதற்கான பயிற்சி முக்கால்வாசி வடகிழக்குப் பருவமழைக்குள்தான் விழும். அக்டோபர் நடுவில் தொடங்கினால் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். அதில் இரண்டு மூன்று வாரத்தை மழைக்கென்று முன்கூட்டியே கழித்துவிட்டு அட்டவணை போடுங்கள். மழையால் விட்டுப்போன லாங் ரன்னை (வாரத்தின் நீண்ட ஓட்டத்தை) அடுத்த வாரக் கணக்கில் சேர்த்து ஓட வைக்காதீர்கள். கெண்டைக்கால் பிடிப்பதும் முழங்கால் வலி ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரம் கூட்ட வேண்டாம். நான்காவது வாரம் தூரத்தில் கால்வாசியைக் குறையுங்கள்.

வடசென்னையில் குழு நடத்துவதில் பாதி வேலை பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான். எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே போவதால் ஆசை வரும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓரத்தில் நின்றால், அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடுபவர் நடுச்சாலைக்கு வர வேண்டும். இருட்டில் இருபது பேரை அங்கே கூட்டிப்போகக் கூடாது. காசிமேட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வரும் கூட்டம் விடியுமுன்னே சேர்ந்துவிடும், தரையும் வழுக்கும். மாதவரம் பால் பண்ணைப் பக்கம் போல வண்டி குறைவாக இருக்கும் இடத்தில் 2 அல்லது 2.5 கிலோமீட்டர் சுற்று ஒன்றை வகுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஓடுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரை ஒரே இடத்தில் வைக்கலாம், மழை பிடித்தால் யாரும் வெகுதூரத்தில் மாட்டமாட்டார்கள், முடியாதவர் தொடங்கிய இடத்திலேயே நின்றுகொள்ளலாம்.

மழை பெய்திருந்தால் முதல் நாள் மாலையே டூவீலரில் அந்தச் சுற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடியில்லாத மேன்ஹோல், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், தண்ணீரில் நிற்கும் ஈபி பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்சாரப் பெட்டி), இந்த மூன்றும்தான் பயம். தேங்கிய தண்ணீரில் ஓடவே கூடாது, கணுக்கால் அளவு என்றாலும் கூடாது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக ஏறும். தெரியாமல் கால் வைத்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத் தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எண்ணூர் முகத்துவாரப் பகுதிகளில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அங்கே எந்தத் தண்ணீரையும் வெறும் மழைத்தண்ணீர் என்று நினைக்க வேண்டாம்.

காலை நாலரைக்கு வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பார்த்து, ஓட்டம் உண்டா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒருவர் சொல்லட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் கூரைக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். மழை ஓய்ந்த மார்கழியில் வேறு கவலை: காற்றசைவு இல்லாத விடியலில் புகை தரையோடு படுத்துக் கிடக்கும். மணலி நிலையத்தின் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் எல்லா நாளும் இன்ஹேலரைக் கையில் வைத்திருக்க வேண்டும், பையில் அல்ல.

இருபது பேர் என்றால் மூன்று பேஸ் (வேக) குழு போதும்: கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழரை, எட்டரை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஸ்வீப்பர் ஒருவர், அதாவது யாரும் விடுபடாமல் பார்த்துக் கடைசியாக வருபவர். வேகமானவரை முன்னால் விடுங்கள், பொறுமையும் அனுபவமும் உள்ளவரைப் பின்னால் நிறுத்துங்கள். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்று பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். தளர்ந்துபோகிறவர் முதலில் பேச்சை நிறுத்துவார். அப்புறம் தோள் காதை நோக்கி ஏறும். வலி இருந்தால் ஒரு காலின் சத்தம் மட்டும் ‘தப்’பென்று தனியாகக் கேட்கும். “அண்ணா, நீங்க போங்க, நான் மெதுவா வந்துடுறேன்” என்பார்கள். அப்போது ஸ்வீப்பர் போகவே கூடாது, கூடவே நடக்க வேண்டும். பெரிய சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசை. ஸ்வீப்பர் முதுகில் சிவப்பு பிளிங்கர் விளக்கு. தெருக்களில் கோலத்தை மிதிக்காமல் விலகிப் போகச் சொல்லுங்கள். அந்தத் தெருக்காரர்கள் வழிவிடுவதால்தான் நாம் ஓடுகிறோம்.

குளிர்ந்த காலையில் தாகம் தெரியாது, ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முழுசாக. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உப்பு கூடி வயிற்றைக் கலக்கும்.

நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். இன்சோலை உருவித் தனியே வையுங்கள், உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை மாற்றுங்கள். காட்டன் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும், அதை வீட்டோடு விட்டுவிடலாம்.

போகி அன்று காலை ஓட்டம் கிடையாது என்று முன்பே அறிவித்துவிடுங்கள். மற்ற நாட்களில் கிளம்பும்போது எண்ணிய தலையும் முடியும்போது எண்ணும் தலையும் ஒன்றாகும் வரை, குழுவை நடத்துபவர் டீக்கடைக்குக்கூட நகரக் கூடாது.