சன் கோரல்: விளக்கை நம்பி பட்டினி போடாதீர்கள்

"வெளிச்சமே வேண்டாம், எங்கே வைத்தாலும் வளரும்" என்று சொல்லித்தான், கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் சன் கோரல் பவளத்தை விற்பார்கள். முதல் பாதி சரி. மற்ற ரீஃப் பவளங்களுக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி ட்யூபாஸ்ட்ரியாவின் (சன் கோரலின் அறிவியல் பெயர்) திசுவில் கிடையாது. கடலில் அது குகைக் கூரையிலும் பாறை விளிம்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். தொட்டியில் அந்த நீரோட்டத்தின் வேலை நம் தலையில்.

பலர் சறுக்குவது முதல் வாரத்திலேயே. வாங்கி வந்த கொத்து மூடியே கிடக்கும். "பழகட்டும், தானாக விரியும்" என்று விட்டுவிடுவார்கள். சாப்பாட்டு வாசனை வராத பாலிப் (கொத்தில் உள்ள ஒவ்வொரு குட்டி உயிரி) விரியாது, விரியாததற்குச் சாப்பாடும் கிடைக்காது. விளக்கு அணைந்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில், மைசிஸ் (உறைந்த சிற்றிறால் உணவு) கரைத்த நீரைச் சில சொட்டு அதன் மேல் விட்டு 20–30 நிமிடம் காத்திருங்கள். முதலில் வாய் லேசாக உப்பும். பிறகு மஞ்சள் உணர்கொம்புகளின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும். முழுதாக விரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். விளிம்பில் திசு மெலிந்து எலும்பின் வரிகள் தெரிந்தால், அது பழகிக்கொண்டிருக்கவில்லை, பட்டினி கிடக்கிறது.

சாப்பாட்டைத் தொட்டி முழுக்கத் தூவிவிட்டால் போய்ச் சேரும் என்று நம்புவது அடுத்த தவறு. நாற்பது பாலிப் உள்ள கொத்தில் பத்துக்கு மட்டும் ஊட்டினால் மீதி முப்பதும் கொழுக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, வாரம் மூன்று முறை ஊட்ட வேண்டும். மைசிஸ், ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றுயிரி), பொடியாக நறுக்கிய பச்சை இறால், எதுவானாலும் துண்டு 3–4 மி.மீ. தாண்ட வேண்டாம். பெரிய துண்டை விழுங்கிவிட்டு, சில மணி நேரத்தில் கக்கும். கக்கியது அங்கேயே அழுகும். உறைந்த கட்டியை அரை டம்ளர் தொட்டி நீரில் கரைத்து டீ வடிகட்டியில் வடியுங்கள். வாசனைக்கு ஒரு ஸ்பூன் சாறு போதும். மீதியில் இருப்பது பாசியை வளர்க்கும் பாஸ்பேட், சிங்க்கில் ஊற்றுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சில் ஏர்லைன் குழாயைச் செருகி வாயருகே மெதுவாக விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மூடிக்கொள்ளும். 15 நிமிடம் கழித்து பம்பை மறக்காமல் போடுங்கள்.

தொட்டியில் பெப்பர்மின்ட் இறால் (அழகுக்கு வளர்க்கும் ஒரு சிறு இறால்) இருந்தால், பாலிப் விழுங்கியதைக்கூடத் தோண்டி எடுத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிக் கொத்தின் மேல் கவிழ்த்து, பாட்டிலின் வாய்வழியே ஊட்டுங்கள்.

நிழலில் வைக்கச் சொல்வது ஒளி அதைக் கொல்லும் என்பதால் அல்ல. வெளிச்சத்தில் முடிப்பாசி பாலிப்புகளுக்கு நடுவே வெறும் எலும்பில் பிடித்து, திசுவை ஓரம் தள்ளும். மணலில் நிமிர்த்தி வைத்தால் கழிவு இடுக்கில் தங்கி அழுகும். பாறைத் திண்டின் அடியில் சாய்வாகவோ தலைகீழாகவோ, எபாக்ஸி பசை வைத்து ஒட்டுங்கள். நீரோட்டம் நன்றாகவே இருக்கட்டும், ஆனால் பம்பின் தாரை நேராகப் படக் கூடாது.

இவ்வளவு ஊட்டினால் நைட்ரேட் ஏறத்தான் செய்யும். பயந்துபோய் ஊட்டுவதைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்ணீர் சுத்தமாகும், பவளம் சாகும். நல்ல ஸ்கிம்மரும் (நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) வாரம் 10–15 சதவீத நீர் மாற்றமும்தான் வழி. 40 லிட்டர் நானோ (மிகச் சிறிய) தொட்டிக்கு இந்தப் பவளம் சரிப்படாது. நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும்) 1.025, வெப்பம் 24–26 டிகிரி செல்சியஸ், காரத்தன்மை 8–9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம். ஒளி வேண்டாத பவளம் என்றாலும் எலும்பு கட்டுகிறது, கால்சியம் குடிக்கும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் சன் கோரல் உட்பட கல் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலிலிருந்து எடுக்கவும் விற்கவும் கூடாது. மற்ற நாடுகளில் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) ஆவணம் கேளுங்கள். வேண்டாத துண்டைக் கடலில் போடவும் கூடாது: 1980களின் இறுதியில் பிரேசிலின் எண்ணெய் மேடைகளில் தென்பட்ட இதே பவளம், பிறகு கரைப் பாறைகளையும் பிடித்துக்கொண்டது.

கொத்தின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். கடற்பஞ்சு ஒட்டியிருந்தால், காற்றுப் பட்டதும் செத்து அம்மோனியாவைக் கிளப்பும், சுரண்டி எடுங்கள். எபிடோனியம் என்ற சிறு நத்தையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரவில் ஏறிவந்து பாலிப்பைத் தின்னும். அதன் முட்டைப் பொதிகள் பவளத்தின் நிறத்திலேயே, மஞ்சளாகக் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கும். பவளத்தை மருந்தில் முக்கினால் நத்தை விழும், முட்டை சாகாது. முட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, வாரம் ஒருமுறை டார்ச் அடித்துத் திரும்பப் பாருங்கள்.