ஒரு நாட்டின் அறுவை சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிப்பது எப்படி?

ஒரு நாட்டில் பணம் பெருகப் பெருக அங்கே அறுவை சிகிச்சையும் பெருகும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் அந்த வளர்ச்சி எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வருவதில்லை. தலைநகரில் இதய மாற்று அறுவை சிகிச்சை வெற்றி என்று செய்தி வரும் அதே வாரத்தில், அந்த நாட்டின் ஒரு மாவட்டத்தில் குடல்வால் வெடித்த சிறுவனின் வயிற்றைத் திறக்க ஆளில்லாமல் போகலாம். ஆகவே, ஒரு நாடோ மாநிலமோ எங்கே நிற்கிறது என்று அறிய விரும்பும் மாணவரும் செய்தியாளரும் எந்தக் கணக்கை முதலில் எடுக்க வேண்டும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஓராண்டில் நடந்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்து, 2015-இல் அறிக்கை வெளியிட்ட உலகளாவிய அறுவை சிகிச்சை ஆணையம், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 5,000 என்பதை எட்ட வேண்டிய அளவாக வைத்தது. அதன்படி 20 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் அறுவை சிகிச்சைகள் நடக்க வேண்டும். அங்கே 12,000தான் நடக்கிறது என்றால், லட்சத்துக்கு 600 மட்டுமே. மீதிப் பேர் கட்டியோடும் வலியோடும் வீட்டில் இருக்கிறார்கள். அந்த ஆணையத்தின் கணக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 31 கோடி அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாழும் மிக ஏழை நாடுகளுக்கு அவற்றில் 6 விழுக்காடுதான் கிடைக்கிறது. எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும்போது எவற்றையெல்லாம் சேர்த்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். காயத்துக்குத் தையல் போட்டதையும் சேர்த்த கணக்கையும், தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்ட கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது.

அடுத்து சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் நிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு அறுவை சிகிச்சை இல்லை என்பது என் கருத்து. இதில் இரண்டு விகிதங்கள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, மொத்த அறுவை சிகிச்சைகளில் சிசேரியனின் பங்கு. மற்றொன்று, மொத்தப் பிரசவங்களில் சிசேரியனின் பங்கு. நாடு வளரும்போது இவை எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன.

2012-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, சுகாதாரத்துக்கு மிகக் குறைவாகச் செலவிடும் நாடுகளில் நடந்த அறுவை சிகிச்சைகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிசேரியன். அதிகம் செலவிடும் நாடுகளில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏழை நாட்டு மருத்துவமனையில் இருக்கும் ஒரே அறுவை அரங்கம், குழந்தை சிக்கிக்கொண்ட தாயைக் காப்பாற்றுவதற்கே போதாமல் இருக்கிறது. அங்கே குடலிறக்கமும் கண்புரையும் காத்துக்கிடக்கின்றன. ஆகவே, இந்தப் பங்கு குறைந்துவருகிறது என்றால் மற்ற நோயாளிகளுக்கும் அரங்கில் இடம் கிடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம்.

பிரசவங்களில் சிசேரியனின் பங்கோ ஏறிக்கொண்டே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கில், சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இது 5 விழுக்காடு, லத்தீன் அமெரிக்காவில் 43 விழுக்காடு. நம் பக்கத்துக்கு வந்தால், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு, தெலங்கானாவில் 60.7 விழுக்காடு. பத்து விழுக்காட்டைத் தாண்டிய பிறகு இந்த விகிதம் கூடுவதால் ஒரு நாட்டின் தாய்சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐந்து விழுக்காட்டில் நிற்கும் நாட்டில் தாய்மார் தேவையானது கிடைக்காமல் இறக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய இடத்தில் தேவையில்லாத வெட்டும் சேர்ந்துவிட்டது. பணம் ஒரு கேட்டை நீக்கி இன்னொன்றைக் கொண்டுவந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வளர்ச்சியை மட்டும் பாராட்டுவது தாய்மாருக்கு நியாயம் ஆகாது.

மூன்றாவதாக, மாவட்ட மருத்துவமனைக்கே நேரில் சென்று கேளுங்கள். சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை, தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்த முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒரு மருத்துவமனை செய்யக்கூடியதாக இருந்தால், மற்ற பல அடிப்படை அறுவை சிகிச்சைகளையும் அதனால் செய்ய முடியும் என்று வல்லுநர்கள் கொள்கிறார்கள். மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அப்படிப்பட்ட இடத்தை அடைய முடிய வேண்டும் என்பது லான்செட் ஆணையம் வைத்த அளவுகோல். "செய்வீர்களா?" என்று கேட்டால் "செய்வோம்" என்றுதான் பதில் வரும். ஆகவே, "நேற்று இரவு இரண்டு மணிக்கு ஒருவர் வந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்க யார் இருந்திருப்பார்? ரத்தம் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேளுங்கள். கட்டடமும் மேசையும் விளக்கும் வந்து, மயக்க மருந்து நிபுணர் மட்டும் வராத மருத்துவமனைகள் பல நாடுகளில் உண்டு.

ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கப் பணம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக் சான்று. அங்கே 1984 முதல் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு அறுவை சிகிச்சையில் பயிற்சி அளித்தார்கள். மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஏழாண்டுகளுக்குப் பின் ஒருவர்கூட அங்கே இல்லை. பயிற்சி பெற்ற இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள்.

நான்காவது, அறுவைக்குப் பிறகு நேரும் மரணம். அரங்கைவிட்டு உயிரோடு வந்ததோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். 25 ஆப்பிரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் இளவயதினராக இருந்தும் இறப்பு விகிதம் 2.1 விழுக்காடாக, உலகச் சராசரியைப் போல் இரு மடங்காக இருந்தது. இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் அறுவை நடந்த நாளுக்குப் பின்னரே இறந்தார்கள். வார்டில் இரவு நேரத்தில் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கப் போதிய செவிலியர் இருக்கிறார்களா என்பது, எந்தக் கத்தி வாங்கினார்கள் என்பதைவிட முக்கியமான கேள்வி.

அரங்குக்குள் நுழைய அனுமதி கிடைத்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரைத் தேடுங்கள். விரல் நுனியில் மாட்டும் சிறு கவ்விதான். அதன் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலி எழுப்பும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலி கனத்துக் கீழே இறங்கும். மயக்க மருந்து கொடுப்பவர் மருந்துக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது அதைப் பிடித்துவிடும். அறுவை பாதுகாப்பாக நடக்க உதவும் சரிபார்ப்புப் பட்டியலையும் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சங்கள் கொண்ட அந்தத் தாளை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சுவரில் ஒட்டியிருப்பது போதாது. வெட்டுவதற்கு முன் யாராவது அதைச் சத்தமாகப் படிக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக, யார் காசு கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் கட்டணம் கட்டியே ஆண்டுதோறும் 3.3 கோடிப் பேர் தாங்க முடியாத செலவில் விழுகிறார்கள் என்று லான்செட் ஆணையம் கணித்தது. பயணம், சாப்பாடு, தங்குமிடம் போன்ற செலவுகளால் மேலும் 4.8 கோடிப் பேருக்கு அதே நிலை. அரசுக் காப்பீடு இருக்கிறது என்று தெரிந்ததும் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையின் ரசீதைத்தான் பார்க்கும். வீடு திரும்பிய குடும்பத்தாரிடம் பேருந்துக்கு எவ்வளவு, துணைக்கு இருந்தவர் இழந்த கூலி எத்தனை நாள், வெளியே வாங்கிவரச் சொன்ன மருந்து எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய், அடகு வைத்த நகையை மீட்டார்களா என்றும் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.