கற்காலத்தைத் திருவிழாவுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொல்லியல் திருவிழாக்களில் பிள்ளைகளை எளிதில் இழுப்பது மணல்தொட்டி அகழாய்வுதான். சொதப்புவதற்கு வாய்ப்பு அதிகமும் அங்கேதான். முழுப் பானை, பாசிமணி, அம்புமுனை என்று புதைத்து வைத்தால் பிள்ளைகள் கிளறுவார்கள், எடுப்பார்கள், ஓடிவிடுவார்கள். அது புதையல் வேட்டை, அகழாய்வு அல்ல. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தானே ஆய்வாளர் எதையுமே சொல்கிறார்? அதனால் இரண்டு நிறத்தில் மண்ணடுக்கு போடுங்கள். உடைந்த ஓடு, கரித்துண்டு, எலும்புத் துணுக்கு வையுங்கள். நட்டிருந்த மரக்கம்பம் மட்கிப்போன இடத்தில் வட்டமாகக் கருத்த மண் தெரியும். அப்படி நாலைந்து வட்டங்களையும் வரிசையாக அமைத்தால், கையில் எதுவும் சிக்காமலே ஒரு குடிசை சிக்கும். கட்டத்தாளில் குறிக்காமல் எதையும் எடுக்கக் கூடாது என்ற ஒரு விதி போதும்.

அடுத்த தவறு, டைனோசரையும் கற்கால மனிதரையும் ஒரே பந்தலில் நிறுத்துவது. இதைப் பேசித் திருத்த முடியாது. கயிறு கட்டிக் காட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டு. கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 33 லட்சம் ஆண்டு பழையவை, ஆக 33 மீட்டர் கயிறு. சீனாவின் சியான்ரென்தோங் குகைப் பானையோடுகள் கடைசி 20 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், எழுத்து கடைசி ஆறுக்குள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பொம்மையை வைக்க 660 மீட்டர் நடக்க வேண்டும்!

அப்புறம் அந்த வேஷம். தோலைப் போர்த்தி உறுமுகிற ஆளை நிறுத்தாதீர்கள். காதுள்ள எலும்பு ஊசி 40,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது; தைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

கல் செதுக்கும் இடத்தில் பாதுகாப்பில் கஞ்சம் வேண்டாம். புதிதாகப் பெயர்ந்த சில்லு தோலைச் சட்டென்று கிழித்துவிடும். செதுக்குபவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும், கூட்டம் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் மூடிய அரங்கில் செய்யவே கூடாது. பலரும் மறப்பது கழிவுச் சில்லுகளை. தார்ப்பாய் விரித்து அத்தனையையும் அள்ளிவிடுங்கள். தரையில் விட்டால், பின்னாளில் அங்கே ஆய்வு செய்பவருக்கு நேற்றைய சில்லும் பழைய சில்லும் ஒன்றாகத்தான் தெரியும். புதைத்தே ஆக வேண்டுமென்றால், தொல்லியல் களமல்லாத இடத்தில், அந்த ஆண்டு அச்சான நாணயம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள், தோண்டுபவருக்கு அது பழசல்ல என்று புரியும்.

சிக்கிமுக்கிக் கற்கள் இரண்டை மோதித் தீ மூட்டுவதாக அறிவித்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. பொறி வரும், ஆனால் அதில் பஞ்சு பற்றுகிற சூடு இருக்காது. கல்லை பைரைட் என்ற இரும்புக் கனிமத்தில் அடிக்க வேண்டும்.

குகை ஓவியத்துக்குச் செங்காவியும் அடுப்புக்கரியும் தாராளம். கறுப்புக்கு மாங்கனீசுப் பொடி அசல்தான், ஆனால் அந்தத் தூசியைச் சுவாசிப்பது நச்சு. கைத்தடம் பதிக்க வண்ணத்தை வாயால் ஊத விடாதீர்கள், ஒரே குழலைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி ஊதுவார்கள். அழுத்தித் தெளிக்கும் பாட்டில் போதும். அது கற்காலத்தில் இல்லை என்று யாராவது சொன்னால், சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள்.