எம்பெடட் வேலைக்கு (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு கோட் எழுதும் வேலை) கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா?

முதலில் எதற்காக கோட் எழுதப் போகிறீர்கள் என்று பாருங்கள். எஸ்டிஎம்32, இஎஸ்பி32 மாதிரி மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) என்றால் 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பே போதும். விண்டோஸா லினக்ஸா என்பது உங்கள் விருப்பம்.

யோக்டோவில், அதாவது ஒரு கருவிக்கென்றே தனி லினக்ஸை உருவாக்கித் தரும் மென்பொருளில், எம்பெடட் லினக்ஸ் பில்ட் செய்வது வேறு கதை. கம்பைலர் தொடங்கி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), லைப்ரரிகள் வரை எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே (மூல நிரலிலிருந்தே) அது உருவாக்கும். அதனால் காசை பிராசஸர் கோர்களிலும் ராமிலும் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவழிக்க வேண்டாம். கோர் கூடக்கூட ராமும் கூட வேண்டும். எட்டு கோர் இருந்தால் 32 ஜிபி வைத்துக்கொள்வது நல்லது. என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஒரே பில்ட் ஃபோல்டர் 100 ஜிபி-யைத் தாண்டுவது சகஜம்.

இயங்குதளம் உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள லினக்ஸ் பதிப்பு). விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-விலும் செய்யலாம், ஆனால் சோர்ஸை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்து ஃபைல் சிஸ்டத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் ஆமை வேகம்தான். அதில் யுஎஸ்பி டீபக்கரை (சிப்பில் ஓடும் கோடின் பிழைகளைக் கண்டுபிடிக்கும் சாதனம்) இணைக்க யுஎஸ்பிஐபிடி என்ற கருவியும் தேவைப்படும்.

எம் வரிசை சிப் உள்ள மேக் வாங்குவதற்கு முன், உங்கள் சிப் நிறுவனம் தரும் டூல்செயின் (கம்பைலர் முதலான கருவிகளின் தொகுப்பு) மேக் போன்ற ஆர்ம் வகை கணினியில் ஓடுமா என்று கட்டாயம் பாருங்கள். சில நிறுவனங்கள் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளுக்கு மட்டுமே தருகின்றன.

உபுண்டுவில் சீரியல் போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு) திறக்கவில்லையா? அதைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் உங்கள் யூசரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.