பாத்திரத்தின் அடிக்கரியைப் போக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விறகடுப்பிலிருந்து இறக்கிய பித்தளைப் போசியின் அடியைத் தொட்டால் விரலில் கருந்தூள் அப்பிக்கொள்ளும். கேஸ் அடுப்பில் அன்றாடம் ஏறும் எவர்சில்வர் வடைச்சட்டியில், கைப்பிடியின் ஆணியைச் சுற்றி இருக்கும் பழுப்பு வளையத்தைத் தொட்டால் விரலில் எதுவும் வராது. வார்னிஷ் பூசியது போல இறுகி, நகத்தால் சுரண்டினாலும் அசையாமல் நிற்கும். இந்த இரண்டு அழுக்குக்கும் ஒரே கம்பி நாரை எடுத்துக்கொண்டு உட்காருவதுதான் முதல் தவறு.

முதலாவது புகைக்கரி. விறகும் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் முழுதாக எரியாமல் போவதால் படிவது. இதைக் கரைக்கும் பொருள் எதுவும் நம் சமையலறையில் கிடையாது. ஆனால் கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாத்திரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதால் தேங்காய் நாரும் சோப்பும் போதும். இரண்டாவது, எண்ணெய். வழிந்த எண்ணெய் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலி சங்கிலியாகப் பிணைந்து கெட்டிப்பட்டுப் போகிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்கும்போது நாம் வேண்டுமென்றே நிகழ்த்துவதும் இதே மாற்றம்தான். நம் பக்கத்தில் தாளிப்புக்குக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் புழங்குகின்றன. இவற்றில் கடலை எண்ணெய்தான் சீக்கிரம் இப்படி இறுகும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அவ்வளவு எளிதில் பிணைவதில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்கு எலுமிச்சையும் புளியும் வினிகரும் போட்டுத் தேய்ப்பது பரவலான தவறு. புளிப்பு, பித்தளை செம்பின் களிம்பை எடுக்கும். போர் தண்ணீரின் உப்பு படிந்த வெள்ளைத் திட்டுகளைக் கரைக்கும். இறுகிய எண்ணெயை ஒன்றும் செய்யாது. ஆப்ப சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாகக் கலந்து, நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கழல்வதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். பொங்கி வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். இரண்டு நல்ல பொருளை வீணாக்கியதுதான் மிச்சம்.

இறுகிய எண்ணெய்க்கு வேண்டியவை காரம், சூடு, நேரம். நம் பாட்டிமார் சாம்பலால் விளக்கியது இதனால்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. இன்றைக்கு அந்த வேலையைச் சலவைச் சோடா செய்யும். எவர்சில்வர் பாத்திரம் முழுகும்படி ஒரு பெரிய எவர்சில்வர் குண்டாவில் தண்ணீர் வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, மெல்லிய கொதியில் அரை மணி நேரம் விடுங்கள். அடுப்பை அணைத்து, ஆறும் வரை அப்படியே இருக்கட்டும். பிறகு மரக்கரண்டியின் ஓரத்தால் தள்ளினால் பிசுக்கு தோலாக உரிந்து வரும். வராத இடத்தை மல்லுக்கட்டிச் சுரண்டாமல் மறுபடியும் ஒரு முறை கொதிக்க வைப்பதே நல்லது. கைக்கு ரப்பர் உறை அவசியம். பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாவிட்டால் கொதிக்க வைக்காமல், சோடாவைக் குழைத்து அழுக்கின் மேல் அப்பி, ஈரத்துணியைச் சுற்றி இரவு முழுக்க விட்டு விளக்கலாம்.

இதே வைத்தியத்தை அலுமினியத்துக்குச் செய்தால் பாத்திரம் போயிற்று. காரம் அலுமினியத்தை அரிக்கும். வெளுப்பாக இருந்தது கறுத்துச் சொரசொரப்பாகும். அரிசியும் பருப்பும் பொங்கி வழிந்து ஓரமெல்லாம் கருகிய குக்கர் பல வீடுகளில் அலுமினியம்தான். ஹார்ட் அனோடைஸ்டு என்று விற்கும் கறுப்புக் குக்கரும் உள்ளே அலுமினியமே. அதன் மேற்பூச்சையும் காரம் தின்னும். இவற்றுக்குச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற வைக்கும் பொறுமையும்தான் வழி. சாதாரண அலுமினியத்தில் ஏற்கெனவே கறுத்துவிட்ட இடத்துக்குப் புளித்தண்ணீரில் கொதிக்க வைப்பது பலன் தரும். புளிக்கு இங்கே வேலை உண்டு. குக்கர் என்றால் மூடியையும் கேஸ்கட்டையும் பாதுகாப்பு வால்வையும் இந்த ஊறல் கொதியலில் சேர்க்கவே கூடாது. அவற்றைத் தனியே, சாதாரணமாகக் கழுவுங்கள்.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பாத்திரத்தின் அடியில் ஊற்றுவதைச் சில வீடுகளில் இன்னமும் செய்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்; அமிலத்தின் குளோரைடு அதைத் துளைத்துப் பொடிக்குழிகள் உண்டாக்கும், பிறகு அந்தக் குழிகளில் துரு கிளம்பும். அதைவிட மோசம், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்து இரண்டும் கலந்துவிடுவது. எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

வெற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்து அடுப்பில் போட்டுக் கரியை எரித்துவிடலாம் என்பதும் ஆபத்தான யோசனை. பட்டிப் பொங்கலுக்கு எடுக்கும் பித்தளைப் பாத்திரங்களின் உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெளிக்கரி போகும் முன்பே உள்பூச்சு வழிந்துவிடும். மறுபடி ஈயம் பூசாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்க முடியாது. நான்ஸ்டிக் பாத்திரம் 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப்புகை வரும். சுட்ட வார்ப்பிரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

கம்பி நாரைப் பற்றி ஒரு வார்த்தை. மெருகிட்ட அடிப்பாகத்தில் அது போடும் கோடுகளில் அடுத்த முறை கரி இன்னும் ஆழமாகப் பிடிக்கும். இரும்பு நாராக இருந்தால் அதன் பொடித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்தது போலக் காட்டும். எவர்சில்வரின் அடியில் செம்பு பூசிய பாத்திரங்களில் அந்தச் செம்பு மிக மெல்லியது; புளியும் உப்பும் மட்டும் போதும்.

எல்லாக் கறையும் அழுக்கு அல்ல. எவர்சில்வரின் அடியில் வானவில் நிறத்தில் தெரிவது சூட்டால் தடித்த ஆக்சைடு படலம். எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் போகும், போகாவிட்டாலும் பாதகமில்லை. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லின் அடிக்கறுப்பு துருவைத் தடுக்கும் காப்பு. அது பொருக்காக உதிராத வரை கை வைக்காதீர்கள்.

விறகடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாம்பலையோ செம்மண்ணையோ குழைத்துப் பூசும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டதும் ஒரு தவறுதான். கரி அந்தப் பூச்சின் மேல் படியும். தண்ணீர் ஊற்றினால் பூச்சோடு கழன்றுவிடும். கேஸ் அடுப்பில், தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் வழிந்த எண்ணெய் முழுக்க அங்கேயே சுட்டு இறுகும், ஆகவே தீயைக் குறையுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தை விளக்குவதற்கு முன் பர்னரைக் கழற்றி, அடைத்த துளைகளை ஊசியால் குத்தி எடுத்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.