குறைமாதக் குழந்தையின் மறுபரிசோதனை தேதி தவறாமல் இருக்க

குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுக்குள் போய்விடும், மறுபரிசோதனைத் தேதிகளும் அதோடு மறந்துபோகும். அன்றைக்கே எல்லாத் தேதிகளையும் சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். பாட்டி, தாத்தா கண்ணிலும் படட்டும்.

கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. ரொம்பச் சிறிய குழந்தைக்கு 2-3 வாரத்திலேயே. வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு தடவை காட்டியதோடும் நிறுத்தாதீர்கள், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை போக வேண்டும்.

அப்புறம், தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. தலை நிற்பது, உட்காருவது போன்ற வளர்ச்சிக்கோ, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதிதான் கணக்கு. இரண்டையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள்.